தாமதத்தின் சுமை யார்மீது?

விமானத் தாமதம், அறிவிப்புப் பலகையில் எல்லாப் பயணிகளுக்கும் ஒரே எண்ணாகவே தோன்றுகிறது. ஆனால் மூன்று மணி நேரத்தை உலாவியும் தேநீர் அருந்தியும் கழிவறைக்குச் சென்றுவந்தும் கழிக்கக்கூடிய ஒருவருக்கும், விமானம் ஏறும் வாயிலருகே ஓர் இருக்கையில் அமர்த்தப்பட்டு, உதவியாளர் திரும்பி வரும்வரை அங்கிருந்து அசைய வழியில்லாத ஒருவருக்கும் அது ஒரே தாமதமாக இருப்பதில்லை. தாமதம் குறித்த விதிகள் விமானத்தைக் கொண்டு நேரத்தை அளக்கின்றனவே தவிர, காத்திருப்பவரின் உடல்நிலையைக் கொண்டு அளப்பதில்லை. நாட்டிலேயே மிகுதியான பயணிகள் வந்துபோகும் தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தில் இக்குறை ஒவ்வொரு குளிர்காலத்திலும் வெளிப்படுகிறது.

தில்லியின் தாமதங்களுக்கு முதற்காரணம் மூடுபனி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் காற்று அசையாத இரவுகளில் வட சமவெளியின் ஈரநிலம் விரைவாகக் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாக ஒடுங்கி மிதப்பதால், விமானி ஓடுபாதையில் எவ்வளவு தூரம் பார்க்க இயலும் என்பதைக் குறிக்கும் ஓடுபாதைப் பார்வைத் தொலைவு சில பத்து மீட்டர்களாகச் சுருங்கிவிடுகிறது. மூன்றாம் வகை எனப்படும் உயர்நிலைக் கருவிவழித் தரையிறக்க முறையும் அதற்குப் பயிற்சி பெற்ற விமானிகளும் இருந்தால் 50 மீட்டர் தொலைவிலும் விமானம் இறங்கலாம். ஆனால் புறப்படுவதற்குப் பொதுவாக 125 மீட்டர் வேண்டும் என்பதால், வந்த விமானங்கள் கிளம்ப முடியாமல் தேங்குகின்றன. 2024 ஜனவரி நடுப்பகுதியில் இவ்வாறு தேங்கியபோது, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் விமானங்களை முன்கூட்டியே ரத்து செய்யலாம் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு வழிகாட்ட நேர்ந்தது. பனி மட்டுமே காரணமும் அன்று: 2025 நவம்பர் 7 அன்று வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தகவல் பரிமாற்றக் கணினி அமைப்பு பழுதடைந்து நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின, டிசம்பர் 5 அன்று, விமானிகளின் புதிய ஓய்வுநேர விதிகளுக்கேற்பப் பணியாளர்களைத் திட்டமிடத் தவறிய இண்டிகோ நிறுவனம், தில்லியிலிருந்து கிளம்ப வேண்டிய தன் உள்நாட்டு விமானங்கள் அனைத்தையும் நள்ளிரவுவரை ரத்து செய்தது.

இத்தகைய நாட்களில் சக்கர நாற்காலி உதவி எவ்வாறு குலைகிறது என்பதை அறிய, அந்த உதவி இயங்கும் முறையை முதலில் அறிய வேண்டும். உலக விமான நிறுவனங்கள் இவ்வுதவியை மூன்று குறியீடுகளாக வகுத்துள்ளன: படியேறவும் விமானத்துக்குள் நடக்கவும் முடிந்து, நெடுந்தூரம் மட்டும் நடக்க இயலாதவர் டபிள்யூ.சி.எச்.ஆர்.; படியேற முடியாமல், உள்ளே நடக்க மட்டும் முடிந்தவர் டபிள்யூ.சி.எச்.எஸ்.; தம் இருக்கைவரை முழுமையாகக் கொண்டுசேர்க்கப்பட வேண்டியவர் டபிள்யூ.சி.எச்.சி. பயணச்சீட்டில் பதிவாகும் இந்த எழுத்துகளே எத்தனை உதவியாளர்கள், எந்த வகை நாற்காலி, எந்த ஊர்தி வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. முனையத்தையும் விமானத்தையும் இணைக்கும் கூண்டுப்பாலமான ஏரோபிரிட்ஜ் கிடைத்தால் சக்கர நாற்காலி விமானக் கதவுவரை உருண்டு செல்லும். விமானம் தொலைவிலுள்ள நிறுத்தத்தில் நின்றால், நாற்காலியோடு பயணியைக் கதவின் உயரத்துக்குத் தூக்கும் ஆம்புலிஃப்ட் என்னும் ஊர்தி வர வேண்டும்.

கதவைத் தாண்டிய பின்னர் நடப்பதே இதில் மிகக் கடினமான பகுதி. சிறிய விமானத்தின் நடைவழி ஏறக்குறைய அரை மீட்டர் அகலமே உடையது என்பதால் வழக்கமான சக்கர நாற்காலி அதற்குள் நுழையாது. ஐல் சேர் எனப்படும் ஒடுங்கிய நாற்காலிக்குப் பயணியை மாற்றி, மார்பிலும் தொடையிலும் கால்களிலும் வார்ப்பட்டைகளைக் கட்டி உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். இருக்கையின் கைப்பிடியை மேலே உயர்த்திவிட்டு, ஓர் உதவியாளர் பின்னால் நின்று அக்குள்களின் கீழும், மற்றொருவர் முன்னால் நின்று முழங்கால்களின் கீழும் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி அமர்த்துகின்றனர். பயிற்சியும் நிதானமும் உள்ள இருவர் செய்யும்போது சில நிமிடங்களில் கண்ணியமாக முடியும் இச்செயல், அவசரத்தில் இருப்பவர்கள் செய்யும்போது காயத்திலும் அவமானத்திலும் முடியக்கூடும்.

தாமதம் இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் ஒருசேர இழுக்கிறது. விமான நிலையத்தின் சக்கர நாற்காலிகள் பொதுவானவை. விமானம் பிந்துகிறது என்றால், பயணியை இருக்கையில் இறக்கிவிட்டு நாற்காலியை வேறொருவருக்காகத் தள்ளிச் சென்றுவிடுவது நடைமுறையாகியுள்ளது. பின்னர் வாயில் எண் மாறினாலோ, ஏரோபிரிட்ஜுக்குப் பதிலாகத் தொலைநிறுத்தம் ஒதுக்கப்பட்டாலோ, ஏற்பாடுகள் அனைத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டியுள்ளது. விமானத்தில் முதலில் ஏற்றப்பட்டுக் கடைசியில் இறக்கப்படுபவர்களும் இவர்களே என்பதால், கதவை மூடிய பிறகு ஓடுபாதை வரிசையில் நிற்கும் நேரமும் இவர்களையே கூடுதலாக வருத்துகிறது. முதுகுத்தண்டில் காயமுற்றவர்கள் அழுத்தப் புண்களைத் தவிர்க்க அரை மணிக்கு ஒருமுறையேனும் உடலின் பளுவை மாற்றி அமர வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. சிறிய விமானங்களின் கழிவறை தமக்குப் பயன்படாது என்பதை அறிந்து, பயணத்துக்குப் பல மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்பவர்களும் பலர். இரண்டு மணி நேரப் பயணத்துக்கெனக் கணக்கிட்ட தாகம், தாமதத்தால் எட்டு மணி நேரமாக நீள்வது வசதிக்குறைவு அன்று. உடலுக்கு நேரும் தீங்கு.

சக்கர நாற்காலிப் பயணிகளுக்கு இன்று உள்ள உரிமைகள் எளிதில் கிடைத்தவையும் அல்ல. தில்லியில் வாழ்ந்த உரிமைச் செயற்பாட்டாளரும் சக்கர நாற்காலிப் பயனாளருமான ஜாவேத் அபிதி, விமான நிலையங்களில் ஐல் சேரும் ஆம்புலிஃப்டும் வேண்டும் என்று கோரி உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1998 டிசம்பரில் வந்த தீர்ப்பு, 80 விழுக்காட்டுக்குக் குறையாத இயக்கக் குறைபாடு உடையோருக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் கட்டணச் சலுகை வழங்க வேண்டும் என்றது. மூளை முடக்குவாதம் உடைய செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், 2012 பிப்ரவரி 19 அன்று கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட வழக்கில், 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், போக்குவரத்தில் அணுகல் வசதியை அரசின் கடமையாக்கியது. 2022இல் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்ததற்காக இண்டிகோவுக்கு 5 லட்சம் ரூபாயும், 2024 பிப்ரவரியில் மும்பையில், ஒரே சக்கர நாற்காலி கிடைத்ததால் அதை மனைவிக்கு விட்டு நடந்துவந்த 80 வயதுப் பயணி சரிந்து விழுந்து இறந்த நிகழ்வில் ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாயும் அபராதமாக விதிக்கப்பட்டன. இவை யாவும் துயரம் நேர்ந்த பிறகு வந்த தீர்வுகள் என்பதை மறக்கலாகாது.

தாமதம் நேரும்போது பயணிக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை இயக்குநரகத்தின் தனி விதி வகுக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணமாயின் இரண்டு மணி நேரத் தாமதத்திலும், ஐந்து மணி நேரம் வரையிலான பயணமாயின் மூன்று மணி நேரத் தாமதத்திலும், அதற்கு மேற்பட்டதாயின் நான்கு மணி நேரத் தாமதத்திலும் உணவும் சிற்றுண்டியும் வழங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதியோ, இயக்கக் குறைபாடு உடையவருக்கும் அவருடன் வருபவருக்கும் எவ்வளவு நேரத் தாமதமாயினும் இயன்ற விரைவில் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்று வேறுபடுத்துகிறது. தாமே இயக்க முடியாத நாற்காலியில் அமர்ந்த பயணியை 30 நிமிடங்களுக்கு மேல் கவனிப்பாரின்றி விடக்கூடாது என்பது அமெரிக்க விதி. ஐரோப்பாவில் இவ்வுதவிக்கு விமான நிலைய நிர்வாகமே பொறுப்பு. இந்தியாவில் முதன்மைப் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, தள்ளிச் செல்பவரோ பெரும்பாலும் தரைப்பணி ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். நெருக்கடி நேரத்தில் இவர்களுள் யாரைக் கேட்பது என்பதே பயணிக்குப் புலப்படுவதில்லை.

2025 மார்ச் மாதம் தில்லி விமான நிலையத்தில் 82 வயது மூதாட்டி ஒருவர், முன்பதிவு செய்த சக்கர நாற்காலி வராததால் நடக்கத் தொடங்கி, கீழே விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். ஒரு மணி நேரம் காத்திருந்ததாகக் குடும்பத்தினர் கூறினர். கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கவில்லை என்று விமான நிறுவனம் மறுத்தது. இருவருள் யார் கூற்று சரி என்பதைவிட, அதைத் தீர்மானிக்க இரு தரப்பும் ஏற்கும் பொதுப் பதிவு இல்லாததே கவலைக்குரியது. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடங்களுக்குள் கிளம்பிய விமானங்களின் விழுக்காட்டை இயக்குநரகம் மாதந்தோறும் வெளியிடுகிறது. சக்கர நாற்காலிக்காக மனிதர்கள் காத்திருந்த நேரத்துக்கு அத்தகைய கணக்கு இல்லை.

நடக்க இயன்றவர்களும் இந்த உதவியைக் கேட்பதால்தான் தட்டுப்பாடு என்று நிறுவனங்கள் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், பிள்ளைகளைக் காண அமெரிக்காவுக்குத் தனியே செல்லும் தமிழ்நாட்டுப் பெற்றோர், இந்தியோ ஆங்கிலமோ சரளமாக அறியாமல் தில்லியின் மூன்றாம் முனையத்தில் விமானம் மாற நேரும்போது நாடுவது நாற்காலியை அன்று, வழிகாட்டும் ஒரு துணையை. அத்துணையைத் தனிச் சேவையாக அளித்து, நெடிய நடைவழிகளில் மின்வண்டிகளைப் பெருக்கினால், நாற்காலிகள் அவை இன்றியமையாதவர்களுக்குக் கிடைக்கும். முதியவர்களை ஐயத்தோடு பார்ப்பது இதற்குத் தீர்வாகாது; கண்ணுக்குத் தெரியாத மூட்டுவலியும் இதயநோயும் உடையவர்களையே அந்த ஐயம் முதலில் புண்படுத்தும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. சக்கர நாற்காலி உதவி கோரியவருக்குத் தாமதத்தின் முதல் அரை மணியிலிருந்தே கவனிப்பு, கழிவறைத் துணை, குடிநீர் ஆகியவை உரிமையாக்கப்பட வேண்டும். கோரிய நேரமும் நாற்காலி வந்த நேரமும் பதிவு செய்யப்பட்டு, நிறுவன வாரியாக மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். மூடுபனிக்காலம் தொடங்கும் முன்னரே கூடுதல் உதவியாளர்களும் ஆம்புலிஃப்டுகளும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பயணிகளும் தம் பங்குக்குப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே உதவி கோரி, சரியான குறியீடு சீட்டில் பதிவாகியுள்ளதா என்று உறுதி செய்துகொள்வதும், உதவி தவறினால் நேரத்தைக் குறித்துவைத்து விமான நிறுவனத்திடமும் அரசின் ஏர்சேவா தளத்திலும் எழுத்துமூலம் முறையிடுவதும் நன்று. மூடுபனியை எந்த அரசாலும் தடுக்க இயலாது. ஆனால் அதன் சுமை நடக்க இயலாதவர் தலையில் மட்டும் கூடுதலாக விழுவது இயற்கையின் செயல் அன்று, நிர்வாகத்தின் தவறு. அதை நிர்வாகமே திருத்தியாக வேண்டும்.