மானம் என்னும் பொய்த்தெய்வம்



"ஆணவக் கொலை ஊரில் நடப்பது, கடல் கடந்து வந்த நமக்கு அதில் என்ன பங்கு?" என்று உங்களுள் சிலர் கேட்கிறீர்கள். காயீனும் ஏறக்குறைய இதையே கேட்டான்.

கனடாவில் பிறந்து வளர்ந்த பஞ்சாபிப் பெண் ஒருவர், தாம் விரும்பியவரை மணந்ததற்காக 2000ஆம் ஆண்டில் பஞ்சாபில் கொல்லப்பட்டார். கனடாவிலிருந்தே அதற்குச் சதி செய்தனர் என்ற குற்றச்சாட்டில் அவருடைய தாயும் தாய்மாமனும் 2019இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டனர். கடவுச்சீட்டு மாறினால் மனம் மாறிவிடாது. நாமும் சாதியைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு வந்தவர்களே.

மகன் வேற்றினப் பெண்ணை மணந்தால் சில மாதம் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொள்கிறோம். மகள் தன் விருப்பத்தைச் சொன்னாலோ குடும்ப மானம் போயிற்று என்கிறோம், கைப்பேசியைப் பறிக்கிறோம், ஊருக்கு அழைத்துச் சென்று அவசரமாக மணமுடிக்கிறோம். அரிவாள் இறுதியில் வருவது. அதற்கு வழி திறப்பது இந்த மானக் கணக்கே. 2016இல் உடுமலைப்பேட்டையில் தலித் இளைஞர் ஒருவர் பட்டப்பகலில், மனைவியின் கண்முன்னே வெட்டப்பட்டதும் இக்கணக்கினால்தான்.

"கொலைக்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்பாரும் உளர். அச்சட்டம் பிணம் விழுந்த பின்னரே வாய் திறக்கும். மிரட்டலையும் அடைத்துவைத்தலையும் ஊர்விலக்கையும் முன்னரே தடுக்கும் தனிச்சட்டம் வேண்டும். இந்தியச் சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆம் அறிக்கையில் வரைவே அளித்தது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கப் பணித்தது. நாடாளுமன்றமோ இன்னும் தனிச்சட்டம் இயற்றவில்லை.

பிற சமயத்தாரை நோக்கி விரல் நீட்டும் தகுதியும் நமக்கில்லை. இறந்தோரைக்கூடச் சாதியால் பிரித்துக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியவர்கள் நாம். ஆயினும் திருச்சபைச் சட்டம் தெளிவானது. வாழ்க்கை நிலையைத் தேர்வதில் எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது 219ஆம் விதி. வன்முறையாலோ பேரச்சத்தாலோ பெற்ற ஒப்புதலால் திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் விதி. மிரட்டிய மகளைப் பீடத்தின்முன் நிறுத்தினால் புகைப்படம் கிடைக்கும்; திருவருட்சாதனம் கிடைக்காது.

ஆகவே, சாதி குறிப்பிட்டு மணமக்கள் தேடும் அறிவிப்பைப் பங்கு இதழுக்குத் தராதீர்கள், வெளியிட மாட்டேன். திருமண ஆயத்தத்தில் மணமகளிடமும் மணமகனிடமும் தனித்தனியே பேசுவேன், சினம் கொள்ளாதீர்கள். அச்சத்தில் வாழும் பிள்ளைகளே, நள்ளிரவாயினும் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள்.

ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், பெற்ற பிள்ளையின் கண்ணீரில் மானம் தேடுவது சிலைவழிபாடேயன்றி வேறன்று.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை