தராசின் முகம் யார் பக்கம்?

ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலே நுகர்வோர் இலத்திரனியல் கண்காட்சி கூடுகிறது. 1967ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் தொடங்கிய இக்கண்காட்சிக்கு 2025ஆம் ஆண்டில் வந்தோர் தொகை 1,40,000க்கும் மேல். நாளைய வீடுகளில் எவ்வெக்கருவிகள் புழங்கும் என்பதற்கு உலகப் பெருங்கம்பெனிகள் அங்கே கட்டியம் கூறுகின்றன. தரையிற் கிடக்கும் காலுறையைக் கைநீட்டி எடுத்து அப்புறப்படுத்தும் துப்புரவு இயந்திரமொன்று 2025இல் அங்கே காட்டப்பட்டது. வியப்போர் வியக்கட்டும். நம் கருத்தை ஈர்ப்பது வேறொன்று.

மனிதன் தன்னைத் தானே அளந்தறியும் கருவிகளே இன்று அங்காடியெங்கும் மலிந்து வருகின்றன. கைக்கடிகாரம் இதயத்துடிப்பை எண்ணுகிறது. மோதிரம் உறக்கத்தைக் கணக்கிடுகிறது. எதிரே நிற்பவரின் எடையையும் இதயநிலையையும் எடுத்துரைக்கும் நிலைக்கண்ணாடியின் மாதிரியொன்றும் 2025இல் அங்கே காட்சிக்கு வந்தது. இவையனைத்துக்கும் பொதுவான நியதி ஒன்றுண்டு. அளக்கப்படுபவரின் கண்முன்னே அளவு தெரிய வேண்டும் என்பதே அது. தெரியாவிட்டால் அக்கருவியை எவரும் காசு கொடுத்து வாங்கார்.

இந்நியதி மலைநாட்டில் செல்லுபடியாகிறதா? இதுவே நம் கேள்வி.

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண் நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை தராசுக்கு முன்னே நிற்கிறாள். அவளுடைய அன்றைய சம்பளம் அத்தராசிலே இருக்கிறது. குறித்த கிலோ நிறைந்தால் முழுப்பேர், நிறையாவிட்டால் அரைப்பேர். ஆயினும் தராசைப் பார்ப்பவர் ஒருவர். கணக்கை எழுதுபவர் ஒருவர். பறித்தவளோ கூடையை இறக்கிவிட்டு நகர வேண்டியவள். நீர்க்கழிவு, சாக்குக்கழிவு என்று கழிக்கப்படுவது எவ்வளவு, எந்த விதிப்படி என்று அவள் கேட்டால், விடை கிடைப்பது அரிது. கடுஞ்சொல் கிடைப்பது எளிது. இது பல தோட்டங்களிலிருந்தும் நெடுங்காலமாக எழும் முறைப்பாடு.

கழிவு அற்பமன்றோ என்பார் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தடவைக்கு ஒரு கிலோ வீதம் மூன்று தடவை கழித்தால் நாளுக்கு 3 கிலோ. மாதத்தில் 25 நாள் வேலையாயின் 75 கிலோ. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. ஆகவே அந்த 75 கிலோ, 16 கிலோவுக்கும் மேற்பட்ட தேயிலை! ஈரக் கொழுந்துக்கு நியாயமான கழிவு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அது கண்காணாக் கழிவாக இருப்பதையே எதிர்க்கிறோம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்றும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாய் என்றும் வர்த்தமானி அறிவித்தது. வர்த்தமானியில் ஏறும் ரூபாய் தராசடியிலே இறங்குமாயின், போராடிப் பெற்ற உயர்வால் விளைந்த பயன் யாது?

சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசு வந்துவிட்டதே என்பர். வந்தது மெய், வரவேற்கிறோம். ஆனால் எண் ஒளிரும் முகம் உத்தியோகத்தர் பக்கமாகவே திரும்பியிருக்குமானால், பழைய தராசுக்கும் புதிய தராசுக்கும் வேறுபாடு என்ன? பொய்யை விரைவாகச் சொல்லவும் இயந்திரத்தால் முடியும். இயந்திரம் எவருக்கு விடை கூறுகிறது என்பதைக் கொண்டே அதன் நன்மை தீமையை அளக்க வேண்டும்.

இயந்திரம் மலைநாட்டுக்குப் புதியதன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட சில ஆண்டுகளிலேயே கொழுந்தை உருட்டும் பொறி வந்தது. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது; மலைநாட்டு நீர் கொழும்புக்கு ஒளி கொடுத்தது. அந்நீரோடும் மலைகளின் லயங்களிலோ பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே புகைந்தது. உடலில் அணியும் கருவியும் நம்மவருக்குப் புதியதன்று! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்திற் கட்டியே தமிழகத்திலிருந்து தொழிலாளரை அனுப்பினர். அணிந்தவன் ஒருவன், எண்ணைப் படித்துப் பயன்கொண்டவன் வேறொருவன். அந்த முறைமையின் எச்சமே இன்றைய தராசடியிலும் நிற்கிறது.

நாம் கேட்பது லாஸ் வேகாஸ் விந்தைகளை அன்று. தராசின் முகம் பறித்தவளை நோக்கித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு நிறுவையின் முடிவிலும் மொத்த எடை, கழிவு, நிகர எடை ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிட்ட சீட்டு அவள் கைக்கு வர வேண்டும். கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பினாற் போதாதா என்பார், அலை எட்டாத மலை மடிப்புகள் எத்தனை என்பதை நேரில் வந்து பார்க்கட்டும். கழிவின் அளவு எழுத்தில் ஒப்பந்தமாக வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதன் அதிகாரிகள் கடைத்தெருத் தராசைச் சோதிப்பது போலவே மலைத் தராசையும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும்.

செலவாகும் என்று கம்பெனிகள் கூறக்கூடும். ரசீது கொடுக்கச் சிறு கடைக்காரருக்கும் இயல்கிறது. ஏற்றுமதித் தேயிலையைக் கிராம் பிசகாமல் நிறுக்கும் கம்பெனிகளுக்கு இயலாதா? தொழிற்சங்கங்களுக்கும் ஒரு சொல். சந்தா மாதந்தோறும் தவறாமற் பிடிக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் உள்ள துல்லியத்தை உறுப்பினரின் கிலோக் கணக்கிலும் கேட்டுப் பெறுவது சங்கத்தின் கடமை. அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்துத் தராசையும் மேசைமேல் வைக்க வேண்டும்.

துண்டு என்ற சொல் மலைநாட்டில் ஒரு காலத்தில் அச்சத்தின் பெயர். தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் அவனைக் கொண்டுசெல்லலாம் என்று எழுதிய அந்தக் காகிதம் மனிதனைக் கைமாற்றியது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று நாம் வேண்டுவதும் ஒரு துண்டுக் காகிதமே. அன்றைய துண்டில் இருந்தது அவன் பட்ட கடன். இன்றைய துண்டில் இருக்க வேண்டியது அவள் உழைத்த உழைப்பு. அதைக் கொடுக்க மறுப்போர், மறைப்பது எதை என்பதையும் சொல்லட்டும்.