அளவு குறைந்த அச்சு

சாவகச்சேரியில் எமக்குப் பழக்கமான தையற்கார அம்மையார் ஒருவர், மணப்பெண் ஒருத்தியின் பட்டுச் சட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு எம்மிடம் வந்தார். 12 அங்குலம் இருக்கவேண்டிய கைச்சுற்று 11¼ அங்குலமாக நின்றது. சேலையோடு வந்த துணி. கடையில் வேறு வாங்க இயலாது. கலியாணத்துக்கோ நான்கு நாட்களே இருந்தன.

கத்தரிக்கோலில் பிழையில்லை, கடதாசியிலேதான் பிழை. 2015இல் மகன் இங்க்ஸ்கேப் என்னும் வரைதல் செயலியில் வரைந்துகொடுத்த பாதிக்கை மாதிரியைப் புதிய கணினியில் திறந்து அச்சடித்திருக்கிறார். 6 அங்குலம் 5⅝ ஆகிவிட்டது. மடித்து வெட்டும் துணியில் குறை இரட்டிக்குமல்லவா?

நாம் முதலில் ஐயுற்றது பிரிண்டரையே. எமது நாட்டில் வழங்குவது ஏ4 தாள். உயரம் 297 மில்லிமீற்றர். பிரிண்டரிலோ அமெரிக்க லெட்டர் தாள் குறிக்கப்பட்டிருப்பதுண்டு; அதன் உயரம் 279 மாத்திரமே. 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவும் சேர்ந்துவிட்டால் படம் 94 வீதமாகச் சுருங்கும். ஏ4 எனவும் 100 வீதம் எனவும் திருத்தினால் அது தீரும்.

திருத்தினோம்; தீரவில்லை! செயலியிலேயே படத்தைத் தெரிவுசெய்து பார்த்தோம். அங்கும் 5⅝ அங்குலந்தான். அச்சடிக்குமுன்பே படம் சுருங்கியிருந்தது.

காரணம் இது. பழைய இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 படப்புள்ளி என்று கணக்கிட்டது. 2017 ஜனவரியில் வெளியான 0.92ஆம் பதிப்பு, இணைய நியமத்தைத் தழுவி 96 என மாற்றிக்கொண்டது. ஆகவே பழைய படம் 93.75 வீதமாகத் தோன்றலாம். இரு பிழைகளும் ஏறத்தாழ ஒரே அளவு குறைப்பதால் ஒன்றை மற்றொன்றென மயங்குவது எளிது.

பழைய கோப்பைத் திறக்கையில், அது திரைக்கா, தாளுக்கா என்று செயலி வினவும். அம்மையார் வாசியாமலே அழுத்திவிட்டார். (நாமும் அப்படித்தான் செய்வோம்.) தாளுக்கென்று சொன்னால் மெய்யளவு காக்கப்படும். தவறவிட்டவர்கள் முழுப்படத்தையும் தெரிந்து, அகல உயரப் பூட்டையிட்டு, 106.67 வீதம் பெருப்பிக்கலாம்.

தேசப்படமும் அளவுகோலும் வரையும் மாணவர்களே, தாளின் ஓரத்தில் 10 சென்ரிமீற்றர்க் கோடொன்று வரைந்து, அச்சானதும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். அம்மையார் இப்பொழுது மாதிரிதோறும் அப்படிச் செய்கிறார்.

பட்டுச் சட்டைக்கோ, மிஞ்சிய துண்டில் முக்கால் அங்குலப் பட்டி வெட்டிக் கைகளின் அடித்தையலில் சேர்த்தார். மணமேடையில் யாரும் அதனைக் காணவில்லை.