எழுத்துப் பேய்

கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆகையால் ஜப்பானியர் 1978-ம் வருஷத்தில் தங்கள் எழுத்துக்களுக்கு எண் கொடுத்து ஒரு ஜாபிதா ஏற்படுத்தினார்கள். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துக்கள் மட்டும் அதில் 6,349.

பிறகு பார்த்தால், இன்ன அர்த்தம், இன்ன உச்சரிப்பு என்று யாராலும் சொல்ல முடியாத சில எழுத்துக்கள் அதில் உட்கார்ந்திருந்தன. 'பேய் எழுத்து' என்று அவற்றிற்குப் பெயரும் வந்தது. பேய் என்றதும் பூசாரியையா தேடினார்கள்? இல்லை. 1997-ம் வருஷத்துத் திருத்தத்திற்காகப் பழைய காகிதக் கட்டுகளைப் புரட்டினார்கள்.

ஒரு பேயின் யோக்கியதையைக் கேளுங்கள். ஓர் ஊரின் பெயருக்காக, மலையைக் குறிக்கும் எழுத்தையும் அதன் கீழே பெண்ணைக் குறிக்கும் எழுத்தையும் வெட்டி ஒட்டி ஒரே எழுத்தாக்கினார்கள். ஒட்டின காகிதத்தின் விளிம்பு நிழல் நகலில் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டையும் எழுத்தின் அங்கமென்று நம்பி எண் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதான் சங்கதி! இன்னும் ஓர் எழுத்துக்கு மூலம் இன்னதென்று நிச்சயிக்கவே முடியவில்லை. அதற்காக யாரும் புராணம் கட்டவில்லை என்பதை மெச்சுகிறோம்.

ஆனால், கொடுத்த எண்ணைப் பிடுங்கினால் பழைய தஸ்தாவேஜுகள் கெடுமென்று அப்பேய்களை நீக்கவில்லை. பின்னால் வந்த யூனிகோட் என்னும் உலக ஜாபிதாவிலும் அவை குடியேறிவிட்டன. இதையும் பொறுக்கலாம். நமக்குப் பொறுக்காதது வேறு. 'தகஹாஷி' என்ற பெயரின் முதலெழுத்தைச் சில குடும்பத்தார் ஏணி போன்ற வடிவில் எழுதுகிறார்கள். அதுவும் சாதாரண வடிவமும் ஒன்றே என்று தள்ளி, உயிரோடிருக்கும் அம்மனிதர்களின் எழுத்துக்கு அந்த ஜாபிதாவில் தனி எண் கொடுக்கவில்லை. காகிதத்தின் நிழலுக்கோ கொடுத்திருந்தார்கள்!