வளையல் யாருக்குக் கடன் கொடுத்தது?



அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போய்விட்டது என்ற செய்தி ஒரு தெருவில் பரவினால், உடனே தீர்ப்பும் பரவிவிடுகிறது. வரவுக்கு மீறிச் செலவு செய்தார்கள், கெட்டார்கள் என்பதே அத்தீர்ப்பு. காதணி விழாவுக்கும் வீண் விருந்துக்கும் கடன்பட்டுக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. மதுவுக்கு அடகு வைத்தவர்களும் உண்டு. அவர்களுக்காக வாதாட நான் எழுதவில்லை. ஆனால் நத்தம் வட்டாரத்தில் அடகுக்குப் போகும் நகைகளில் ஒரு பகுதி விருந்துக்காகப் போவதில்லை, தொழிலுக்காகப் போகிறது. அதைப் பற்றியே இம்மாதம் பேச விழைகிறேன்.

நத்தத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆயத்தச் சட்டை தைக்கும் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. முன்கூடத்தில் பத்துத் தையல் இயந்திரங்கள், பின்னால் ஒரு வெட்டு மேசை, காஜா எடுக்க ஓர் இயந்திரம். பல பட்டறைகள் இவ்வளவே. துணிக்குப் பணம் முன்னதாக வேண்டும். சனிக்கிழமை தோறும் கூலி கொடுத்தாக வேண்டும். மின்கட்டணம் தவணைக்குக் காத்திராது. சட்டையோ கடைக்குப் போய் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்தே பணமாகிறது. தீபாவளிக்குக் கொடுத்த சரக்குக்குப் பொங்கல் கழிந்து பணம் பெற்றவர்கள் உண்டு. இந்த இடைவெளியை நிரப்புவது எது? இல்லத்தரசியின் கழுத்திலும் கையிலும் கிடப்பதே.

அடகுச் சீட்டில் அவள் கடனாளி. உண்மையில் அவளே கடன் கொடுத்தவள். அவளுடைய வளையல்கள் நகரத்து ஜவுளிக்கடைக்காரருக்கு நான்கு மாதம் வட்டியில்லாக் கடனாக நிற்கின்றன. வட்டியை மட்டும் அவள் கட்டுகிறாள். ஏலம் வந்தால் பழியும் அவளுக்கே!

பழியை எளியவர் தலையில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. அமெரிக்க நாட்டில் வீட்டு அடமானக் கடன்கள் பெருவாரியாக முறிந்து, 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்னும் பெரும் நிதி நிறுவனம் திவாலானபோது, தகுதியற்ற ஏழைகள் வீடு வாங்க ஆசைப்பட்டதே காரணம் என்று பலர் பேசினர். எளியவர் வாழும் பகுதிகளுக்கும் வங்கிகள் கடன் தரவேண்டும் என்ற 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதும் குற்றம் சுமத்தினர். அந்நாட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை 2011 சனவரியில் வெளிவந்தது. அந்தச் சட்டம் குறிப்பிடத்தக்க காரணமன்று என்றும், நெருக்கடி தவிர்த்திருக்கக் கூடியதே என்றும் குழுவின் பெரும்பான்மையினர் முடிவு கூறினர்; மாறுபட்டவர்களும் இருந்தனர். கடன் கொடுத்தவர்கள் அந்தப் பத்திரங்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் பிறருக்கு விற்றுக் கைகழுவினர் என்பதே அதில் என் மனத்தைத் தொட்ட செய்தி. கடன் திரும்பி வருமா என்று பார்க்கும் கவலையே அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. முதல் இரண்டாண்டு குறைந்த வட்டி, பின்னர் ஏறும் வட்டி என்று எழுதிய பத்திரத்தில் கையொப்பமிட்டவர் முழுவதும் அறிந்தா இட்டார்?

நம் மாநிலத்திலும் ஒரு பாடம் நடந்தது. கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை அடகு வைத்தோரின் கடன் தள்ளுபடியாகும் என்று 2021இல் அறிவிப்பு வந்தது. 48 இலட்சத்துக்கு மேற்பட்ட நகைக்கடன்களை ஆராய்ந்து, 35 இலட்சத்துக்கு மேற்பட்டவை தகுதியற்றவை என்று விலக்கினர். விலக்கப்பட்டோர் அனைவரும் ஏமாற்றியவர்கள் என்று எண்ணிவிடலாகாது. ஐந்து பவுனுக்கு மேல் வைத்தவர், அரசு ஊழியர் குடும்பத்தினர், முன்னரே பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றவர் ஆகியோரும் அதில் அடக்கம். ஆயினும் போலி நகையை வைத்துக் கடன் பெற்ற கூத்தும் அப்போது வெளிப்பட்டது. உரைகல்லைக் கையில் வைத்திருந்தவர் அறியாமல் அது நடந்திராது.

எடை அறிந்தவனுக்கே பொறுப்பும் மிகுதி. திரிகைக் கல்லை ஈடாக வாங்கலாகாது என்று இணைச்சட்ட நூல் விதிப்பது இதனால்தான். அது உயிரையே ஈடாக வாங்குவதாகும். இன்று தையல் இயந்திரம்தான் நம்மவர்களின் திரிகைக் கல். நம் திருச்சபை வரலாற்றில் 1462இல் இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியரின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகுச் சாலை எழுந்தது. நடத்தும் செலவுக்கு மட்டும் சிறு தொகை பெறலாமா என்று நெடுங்காலம் வாதிட்டு, 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதற்கு இசைந்தது. ஏழைக்குக் கடன் வேண்டும், அது அவனை விழுங்கவும் கூடாது என்ற இக்கட்டு அன்றே அறியப்பட்டதுதான்.

இந்திய ரிசர்வ் வங்கி 2025 சூனில் வகுத்த விதிகளை நம் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டரை இலட்சம் வரையிலான நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கலாகாது. பத்திரம் கடனாளி அறிந்த மொழியிலோ வட்டார மொழியிலோ இருக்க வேண்டும். ஏலத்துக்கு முன் அறிவிப்பு வேண்டும். கடன் போக மிஞ்சிய தொகை உரியவருக்குத் திரும்ப வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று கேட்காமலேயே வீடு திரும்பியவர்களை நான் அறிவேன். இவ்விதிகள் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் உரியவை. தெருமுனைத் தனியார் அடகுக் கடைக்கு அல்ல.

சரக்கு வாங்கியவருக்கும் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு செய்துகொண்ட சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வட்டியும் சேரும். வழக்குத் தொடுத்தால் அடுத்த பருவத்துக்கு ஆர்டர் வராது என்று பட்டறைக்காரர் அஞ்சுகிறார், அச்சம் நியாயமே. ஆனால் நம் ஞாயிறு திருப்பலியில் முன்வரிசையில் அமரும் வணிகர்களும் இப்பத்தியை வாசிக்கிறார்கள். அவர்களுடைய கல்லாவில் தங்கியிருப்பது யாருடைய வளையல் என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

மற்றொரு கசிவு பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. 2012இல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது டீசல் ஜெனரேட்டர் வாங்க நகை போயிற்று. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் நிலைக்கட்டணமும் உயர்ந்தபின் சிறுதொழிலார் மாநிலமெங்கும் முறையிட்டனர். அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்; அதுவரை நம் கையில் உள்ளதைக் கவனிப்போம்.

பழைய தையல் இயந்திரங்களில் உள்ள கிளட்ச் மோட்டார், ஊசி ஓடாத நேரத்திலும் சுழன்றுகொண்டே மின்சாரம் உண்ணும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும். தேநீர் வேளையில் விசையை அணைக்கச் செலவே இல்லை. கூரையில் ஒளி புகும் தகடு இரண்டு பதித்தால் பகல் விளக்கு வேண்டியதில்லை. கபாசிட்டர் பழுதாகி, மின்திறன் காரணி குறைந்து, இரசீதில் அபராதம் ஏறுவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

சற்றுப் பெரிய பட்டறையில் மின்விசிறிக் கணக்கைப் பாருங்கள். 75 வாட் விசிறிகள் இருபது, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 15 யூனிட். 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறிகளாயின் 6 யூனிட். மாதம் 25 நாளுக்கு மிச்சம் 225 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று கொண்டால் ரூ.1,800. நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில் ரூ.90,000 கடனுக்கு ஆகும் வட்டியும் அதுவே. அதற்காக இருபது விசிறிகளையும் ஒரே நாளில் வாங்க மறுபடி நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பழையது ஒவ்வொன்றாய்ப் பழுதாகும்போது மாற்றினால் போதும். மாற்றுமுன் கணக்கேட்டை மனைவியிடமும் ஒருமுறை காட்டுங்கள். அடகுச் சீட்டில் கையொப்பமிட்டவர் அவர்தானே.