"காலில் சுட்டிருக்கலாமே" என்று சொல்லாதீர்கள்

துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் நம் தரப்பிலிருந்தே ஒரு குரல் வரும்: "முட்டிக்குக் கீழே சுட்டிருக்கலாமே?" 2011 பரமக்குடி, 2018 தூத்துக்குடி, இரண்டின்போதும் கேட்டேன். நல்லெண்ணத்தில் சொல்வதுதான் தோழர்களே. ஆனால் காலில் சுட்டால் உயிருக்கு ஆபத்தில்லை என்பது சினிமா கற்றுக்கொடுத்தது. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ரத்தம் போயே ஆள் இறந்துவிடுவார்.

தோட்டா வெறும் ஓட்டை போடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். கைத்துப்பாக்கித் தோட்டா நொடிக்கு சுமார் 350 மீட்டர் பாயும். போலீஸ் கையில் நாம் பார்க்கும் எஸ்.எல்.ஆர். ரைபிளின் தோட்டா 800 மீட்டருக்கும் மேல். அந்த ஆற்றலில் எவ்வளவு உடலுக்குள் இறங்குகிறது என்பதுதான் காயத்தைத் தீர்மானிக்கிறது. நேராகத் துளைத்து வெளியேறினால் குறைவு. உள்ளே புரண்டால், உடைந்தால், எலும்பில் மோதினால் அதிகம். எலும்புச் சில்லுகளும் சதையைக் கிழிக்கும். தோட்டா போகும் வழியைச் சுற்றியுள்ள சதை ஒரு கணம் பலூன்போல விரிந்து சுருங்கும். தசையும் நுரையீரலும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். கல்லீரலும் மூளையும் தாங்காது.

(உடலுக்குள் விரியும் தோட்டாவை 1899இல் ஹேக் மாநாடு தடை செய்தது. கல்கத்தா அருகே டம்டம்மில் பிரிட்டிஷார் செய்த தோட்டாவால் வந்த தடை அது. ஆனால் நாடுகளுக்கிடையிலான போருக்கு மட்டும்!)

இதெல்லாம் நமக்கு எதற்கு? உண்மை அறியும் குழுவில் போகிறவர்கள் "குண்டு பாய்ந்து மரணம்" என்ற ஒரு வரியோடு திரும்பிவிடுகிறோம். எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று பாருங்கள். நுழைந்த இடத்தில் ஓரத்தோல் வட்டமாக உராய்ந்திருக்கும். வெளியேறிய இடம் பெரும்பாலும் பெரிதாக, ஒழுங்கற்றுக் கிழிந்திருக்கும். அளவை மட்டும் நம்பாதீர்கள், அது ஏமாற்றும். முதுகில் நுழைந்து மார்பில் வெளியேறியிருந்தால் "தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம்" என்ற கதை அங்கேயே ஆட்டம் காணும். தூத்துக்குடியில் ஓடியவர்களைச் சுட்டார்கள் என்று அருணா ஜெகதீசன் ஆணையமே சொன்னது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை, எக்ஸ்ரேயை, வீடியோவை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். இன்னொன்று: மிக அருகிலிருந்து சுட்டால் மருந்துக் கரி துணியில் படியும். குடும்பத்தார் கையில் சட்டை இருந்தால் துவைக்கவோ எரிக்கவோ விடாதீர்கள். நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடித்துவிடும்.