எண்ணாமல் விட்ட ஒருவர்

ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், பரமார்த்த குருவின் கதையையும் நமக்கு விட்டுச் சென்றார். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறுகின்றனர். சீடன் ஒருவன் தலைகளை எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்து பேரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அனைவரும் ஓலமிடுகின்றனர்.

கதையைக் கேட்டு நகைக்கின்ற நாமே, முதியோர் கல்வியின் கணக்கை எழுதும்போது அதே பிழையைச் செய்கின்றோம். மையங்கள் எத்தனை, கற்போர் எத்தனை பேர், தேர்வு எழுதியோர் எத்தனை பேர் என்று பக்கம் பக்கமாக எண்ணுகின்றோம். கற்பிப்பவரை மட்டும் எண்ணுவதில்லை. அவர் என்ன பயிற்சி பெற்றார்? எத்தனை மாதம் நிலைத்தார்? எதனால் விலகினார்? இவற்றுக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எழுத்தறிந்தோர் தமிழகத்தில் நூற்றுக்கு 80 பேர். பெரம்பலூர் மாவட்டத்தில் 74 பேர். அரியலூர் மாவட்டத்தில் 71 பேர். அரியலூர் மாவட்டப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 62 பேரே. முயற்சி இல்லாமையால் வந்த நிலை என்று இதனைச் சொல்வதற்கில்லை. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. 1990களில் அறிவொளி இயக்கம் தமிழகத்துச் சிற்றூர்களிலெல்லாம் மாலை வகுப்புகளை நடத்திற்று. 2009இல் வந்த சாக்சார் பாரத் திட்டம், பெண்களின் எழுத்தறிவில் மிகவும் பின்தங்கிய மாவட்டங்களையே தேர்ந்தெடுத்தது. பெரம்பலூரும் அரியலூரும் அவற்றுள் அடங்கின. 2018 மார்ச் மாதத்தோடு அதுவும் முடிந்தது. 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடைபெறுகிறது. பெயர்கள் மாறின. எழுத்தைக் கற்பிப்பவர் ஊதியமில்லாத் தன்னார்வலராகவே இருக்க வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் மாறவில்லை. சாக்சார் பாரத் திட்டத்தில் மையத்தைக் கவனித்த ஊக்குநருக்கு மாதம் 2,000 ரூபாய் கிடைத்தது. கரும்பலகையின் முன் நின்றவருக்கோ அதுவும் இல்லை.

இவ்வெண்ணத்திற்கு அடியில் மூன்று தவறான கருத்துக்கள் கிடக்கின்றன.

முதலாவது, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் முதியோர்க்குக் கற்பிக்கலாம் என்பது. முதியவர் வளர்ந்துவிட்ட குழந்தை அல்லர். சின்ன வெங்காயத்தை விதைத்துக் களையெடுத்து அறுத்துப் பட்டறை போட்டுப் பாதுகாக்கத் தெரிந்த பெரம்பலூர்த் தாய், தன் தொழிலில் தேர்ச்சி பெற்றவர். எடையும் விலையும் தரகும் அவர் மனக்கணக்கில் நொடியில் வந்து நிற்கும். அவரிடம் அணிலையும் ஆட்டையும் காட்டிக் குழந்தைப் பாட்டுப் பாடச் சொன்னால், இரண்டாம் நாள் அவர் வராததில் வியப்பென்ன? அவர் அறிந்தவற்றிலிருந்து பாடத்தைத் தொடங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். கத்தோலிக்கரான கல்வியாளர் பவுலோ பிரெயரே 1963இல் பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். அவர் குழுவினர் முதலில் அம்மக்களின் பேச்சைக் கேட்டனர்; அவர்கள் வாழ்வில் புழங்கிய சொற்களைத் திரட்டினர்; அச்சொற்களிலிருந்தே எழுத்துக்களைப் பிரித்துக் காட்டினர். அடுத்த ஆண்டே அங்கு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அவரைச் சிறையிலடைத்தது. ஏழைக்கு எழுத்து என்ன செய்யும் என்பதை நம்மைவிட அந்த ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர் போலும்!

இரண்டாவது தவறு, கையெழுத்திடத் தெரிந்தால் போதும் என்பது. படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் கற்றவர், முன்னைவிட எளிதில் ஏமாற்றப்படுவார். கைநாட்டு வைப்பவர் அச்சத்தால் நாலு பேரைக் கேட்பார். கையெழுத்திடுபவர் நாணத்தால் கேட்கமாட்டார். அரியலூர் மண்ணில் இது வெறும் பேச்சன்று. சிமெண்டு ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உள்ள மாவட்டம் இது. 1990களின் பிற்பகுதியில் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்கென ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. மின்நிலையம் எழவில்லை, இழப்பீட்டு வழக்குகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. இத்தகைய மண்ணில் பட்டாவையும் அறிவிப்பையும் கடன் பத்திரத்தையும் தாமே படித்தறிவதுதான் எழுத்தறிவு. அந்நிலை வரும்வரை உடன் நிற்பது ஆசிரியரின் கடமை. தேர்வு முடிந்த மறுநாளே மையத்தைப் பூட்டினால், பழக்கமின்றி எழுத்து மறந்துபோகும். அடுத்த திட்டம் அதே மனிதரை மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்கச் செய்யும்.

மூன்றாவது தவறு, தொண்டுக்கு விலை பேசலாகாது என்பது. சொல்லுவதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆயின் இதைச் சொல்லுபவர் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குபவர். தம் பிள்ளையின் தனிப்பயிற்சி ஆசிரியருக்கு முதல் தேதியன்று பணம் கொடுப்பவர், கூலித் தொழிலாளியின் ஆசிரியர் மட்டும் இலவசமாக உழைக்க வேண்டும் என்கிறார். அந்த ஆசிரியர் யார்? பெரும்பாலும் படித்து முடித்து வேலைக்குக் காத்திருக்கும் கிராமத்து இளம்பெண். சில மாதங்களில் அவருக்கு வேலை கிடைக்கும், அல்லது திருமணமாகும். மையம் மூடப்படும். 'முதியவர்களுக்கு ஆர்வமில்லை' என்று அறிக்கை எழுதப்படும்.

கற்பிப்பவரின் பொறுப்பு சிறிதென்று நான் கூறவில்லை. திருத்தூதர் பணிகள் நூலில் எத்தியோப்பிய அரச அலுவலர் தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டைப் படிக்கிறார். எழுத்து தெரிகிறது, பொருள் விளங்கவில்லை. பிலிப்பு தேரில் ஏறி அவர் அருகில் அமர்கிறார். அவர் படித்துக்கொண்டிருந்த பகுதியிலிருந்தே விளக்கத் தொடங்குகிறார். முதியோர்க்குக் கற்பிப்பவர்க்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா? முந்திரி பொறுக்கும் பருவத்தில் வகுப்பு நேரத்தை மாற்றிக்கொள்பவரும், வராதவரின் வீட்டுத் திண்ணைக்கே சென்று அமர்பவரும், மாணவரின் பிழையை ஊரறியச் சொல்லாதவருமே அப்பணிக்கு உரியவர். இவ்வளவையும் ஒருவரிடம் எதிர்பார்ப்போர், அவருக்குப் பயிற்சியும் ஊதியமும் தரக் கடமைப்பட்டவர்கள். ஊர் ஊராகச் சென்று வளர்ந்தோர்க்கு மறையைக் கற்பித்த வேதியர்களுக்கென்றே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை எழுதினார். பிறர்க்குக் கற்பிப்பவர் முதலில் தாம் உருவாக்கப்பட வேண்டும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர் உணர்ந்திருந்தார்.

அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்பதும் நமக்குத் தகாது. கதையில் எண்ணப்படாமல் போனவன், எண்ணியவனே அல்லவா? எழுத்தறிந்த கத்தோலிக்கராகிய நாமும் நம்மை இக்கணக்கில் சேர்க்கவில்லை. திருவிழாவின் ஓரிரவு வாணவேடிக்கையில் கரியாகும் தொகை, கிராமத்து ஆசிரியை ஒருவருக்குப் பல மாத ஊதியமாகும். நம் பங்குகளில் மாலையில் பூட்டிக் கிடக்கும் அறைகள் உள்ளன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உள்ளனர். எழுத்தறியாத தாய்மார்கள் ஞாயிறுதோறும் நம் அருகிலேயே மண்டியிடுகின்றனர். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, கற்பிப்பவர்க்கென்று அதில் ஒரு வரி இருக்கிறதா என எழுந்து கேளுங்கள்.